பாஸ்போர்ட்டை ஓட்டல் லாக்கரில் பூட்டிவிட்டு ரயில் ஏறாதீர்கள்

"சார், பாஸ்போர்ட் மியூனிக் ஓட்டல் லாக்கர்ல இருக்கு. போலீஸ் எங்களை ரயிலை விட்டு இறக்கிட்டாங்க." ஐரோப்பியச் சுற்றுலா ஏற்பாடு செய்யும் யாருக்கும் இந்த போன் புதிதல்ல. எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டால் வரும் பதிலும் அநேகமாக ஒன்றுதான்: ஃப்ரைலாசிங், ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய ஜெர்மன் நிலையம்.

ஜெர்மனியின் மியூனிக்கிலிருந்து ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் இரண்டு மணி நேரத்துக்குள்தான். காலையில் போய் மாலையில் திரும்பலாம். பவேரியா மாநிலத்துக்குள் ஒரு நாள் சுற்றித் திரிய விற்கும் பையர்ன் டிக்கெட்டே சால்ஸ்பர்க் வரை செல்லும். (வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான், அதுவும் உள்ளூர் ரயில்களில் மட்டும். ரெயில்ஜெட் விரைவு ரயிலில் ஏறினால் செல்லாது.) அதனாலேயே வேறு நாட்டுக்குப் போகிறோம் என்ற நினைப்பே வருவதில்லை. ஃப்ரைலாசிங் தாண்டியதும் சாலாக் ஆறு, மேலே ஒரு பாலம். அவ்வளவுதான் எல்லை. போகும்போது பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. திரும்பும்போது ஜெர்மன் ஃபெடரல் போலீஸ் பெட்டி பெட்டியாக வருவார்கள்.

"ஷெங்கன் விசாதான் இருக்கே, அப்புறம் என்ன எல்லை?" பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும் கேள்வி இது. ஷெங்கன் என்பது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. அதற்குள் எல்லையில் வழக்கமான சோதனை கிடையாது, அவ்வளவே. எல்லையே கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. தேவைப்பட்டால் சோதனையைத் தற்காலிகமாகக் கொண்டுவர ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை உண்டு. ஆஸ்திரிய எல்லையில் ஜெர்மனி 2015-இல் தொடங்கிய 'தற்காலிக' சோதனை நீட்டித்து நீட்டித்து ஓடிக்கொண்டிருக்கிறது. 2024 செப்டம்பர் 16 முதல் மற்ற நில எல்லைகளுக்கும் பரவியது. கோபன்ஹேகனிலிருந்து கடல் பாலம் தாண்டி ஸ்வீடன் போனால் ஹில்லி நிலையத்தில் போலீஸ் ஏறுவதுண்டு.

மொபைலில் இருக்கும் போட்டோ போதாது. ஜெராக்ஸ் போதாது. ஆதார் கார்டை நீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். உங்கள் விசா பாஸ்போர்ட்டுக்குள் ஒட்டியிருக்கிறது, அசல் இல்லையென்றால் கையில் விசாவும் இல்லை. நீங்கள் யாரென்று உறுதியாகும் வரை நிலையத்தில் உட்கார வேண்டியதுதான். வந்த வழியே ஆஸ்திரியாவுக்குத் திருப்பி அனுப்பவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஜெராக்ஸ் எதற்கு என்றால், அசல் தொலைந்தால் புகார் கொடுக்க. தொலைந்துவிடும் என்று பயமா? சட்டைக்குள் கட்டும் பை வாங்குங்கள். கதவோரப் பெட்டி அடுக்கில் வைக்கும் டிராலிக்குள் மட்டும் போடாதீர்கள்.

இதற்கு நேர்மாறான பயமும் உண்டு. ஒருமுறை நுழையும் விசாவில் பாரிஸ், ஜெனிவா, மிலன் போகலாமா? தாராளமாக. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் இருக்கிறது. நடுவில் லண்டனைச் செருகினால்தான் வினை. பிரிட்டன் விசா தனி. அதை வாங்கிவிட்டாலும், பாரிஸில் லண்டன் செல்லும் யூரோஸ்டார் ரயிலில் ஏறும்போதே ஷெங்கனை விட்டு வெளியேறியாயிற்று. திரும்பி வர விசாவில் இன்னொரு நுழைவு வேண்டும். பிரெஞ்சு எல்லைப் போலீஸ் லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், அங்கேயே நிறுத்திவிடுவார்கள். லண்டன் உண்டென்றால் விண்ணப்பத்திலேயே பலமுறை நுழையும் விசா கேளுங்கள்.

அடுத்தது, மலிவாகக் கிடைக்கிறதென்று தனித்தனியாக வாங்கும் டிக்கெட்டுகள். இணைப்பு ரயிலையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால், முதல் ரயில் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் உங்களைக் கொண்டுசேர்ப்பது அவர்கள் பொறுப்பு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 60 நிமிடம் தாமதமென்றால் கட்டணத்தில் 25 சதவீதமும், 120 நிமிடமென்றால் 50 சதவீதமும் கேட்கலாம். இரண்டு டிக்கெட்டாக எடுத்தால் இரண்டாவது ரயிலுக்கு உங்களைத் தெரியாது. அப்படித்தான் எடுப்பேன் என்றால், நடுவில் ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

பாரிஸில் மாறுவதென்றால் அதுவும் பத்தாது. லண்டன், பிரசல்ஸ் ரயில்கள் கார் து நோர் நிலையம். ஜெனிவா, சூரிச் ரயில்கள் கார் து லியோன். நடுவில் பாரிஸ் நகர ரயிலான ஆர்.இ.ஆர். டி-யில் இரண்டாவது நிறுத்தம்தான், ஆனால் பெட்டிகளோடு படி ஏறி இறங்க வேண்டும். போர்ட்டர் கிடையாது.

பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் போக உதவும் யூரெயில் பாஸ் கையில் இருந்தால் சீட் உண்டென்று அர்த்தமில்லை. பிரான்ஸின் டிஜிவி, யூரோஸ்டார், இத்தாலியின் ஃப்ரெச்சியாரோசா ஆகிய அதிவேக ரயில்கள் மூன்றுக்கும் தனியாகக் காசு கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். ஏறுவதற்கு முன் அன்றைய ரயிலை யூரெயில் ஆப்பில் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் டிக்கெட் இல்லாப் பயணம்தான்.

ஊர்ப் பெயரை அந்த ஊர்க்காரர் எழுதுவதுபோல் குறித்துக்கொள்ளுங்கள். வியன்னா பலகையில் வீன், பிராக் ப்ராஹா. பெல்ஜியத்தின் லியேஜ் ஜெர்மன்காரருக்கு லூட்டிச், டச்சுக்காரருக்கு லுய்க்.

இரவு ரயிலில் பெட்டி எண்ணைப் பார்த்துத்தான் ஏற வேண்டும். ஹாம்பர்க்கில் புறப்படும் நைட்ஜெட் நியூரம்பெர்க்கில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி வியன்னாவுக்கும் மறுபாதி இன்ஸ்ப்ரக்குக்கும் போகிறது. தவறான பாதியில் தூங்கினால் விடிவது வேறு ஊரில்.

பிரான்ஸில் டிஜிவி கதவுகள் புறப்படுவதற்கு 2 நிமிடம் முன்பே மூடிவிடும், ஓடி வந்து தட்டினாலும் திறக்காது. மற்ற ரயில்களில் கதவு தானாகத் திறக்குமென்று காத்து நிற்காதீர்கள். பொத்தானை அழுத்துங்கள்.