தோற்க வேண்டாம், கொஞ்சம் குறைத்து ஜெயித்தால் போதும்

1951-ல் வந்த ‘தி பாஸ்கெட்பால் ஃபிக்ஸ்’ பெரிய படம் ஒன்றுமில்லை. ஃபீலிக்ஸ் ஃபைஸ்ட் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம். ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடும். கையில் காசில்லாத கல்லூரிக் கூடைப்பந்து வீரனாக மார்ஷல் தாம்ப்சன், விளையாட்டு நிருபராக ஜான் அயர்லாந்து. வசனம் பல இடங்களில் பிரசங்கமாகிவிடுகிறது. ஆனாலும் அமெரிக்கக் கல்லூரி அணிகளுக்குச் சூதாட்டம் பற்றி வகுப்பெடுப்பவர்கள் இதைத் தாராளமாகப் போட்டுக் காட்டலாம். சூதாட்டக்காரன் வந்த உடனே “தோற்றுக் கொடு” என்று கேட்பதில்லை என்பதைப் படம் சரியாகப் பிடித்திருக்கிறது.

அவன் குறைக்கச் சொல்வது ஜெயிக்கும் புள்ளி வித்தியாசத்தை. அமெரிக்காவில் பந்தயம் பெரும்பாலும் ‘ஸ்ப்ரெட்’ கணக்கில் நடக்கும். வலுவான அணிக்கு 7 என்று புக்கி (பந்தயம் ஏற்பவர்) வைத்தால், அந்த அணி 8 புள்ளியிலாவது ஜெயித்தால்தான் அதன்மேல் கட்டியவருக்குப் பணம். சரியாக 7 என்றால் கட்டிய தொகை திரும்பிவிடும். அதைத் தவிர்க்கத்தான் 7.5 என்று அரைப்புள்ளி வைப்பார்கள். வழக்கமாக 110 டாலர் கட்டினால் லாபம் 100. ஆக, நூற்றுக்கு 52-க்கு மேல் சரியாகச் சொன்னால்தான் கட்டுபவன் பிழைப்பான். முடிவை முன்கூட்டியே வாங்கிவிட்டால் அந்தக் கவலை இல்லை. வீரனுக்கோ இது பாவமாகவே தெரியாது. “அணி ஜெயிக்கத்தானே செய்கிறது?”

இந்தச் சமாதானம் எங்கே உடையும் என்பதற்கு நியூயார்க் சிட்டி காலேஜ் அணியே சாட்சி. 1950-ல் என்ஐடி, என்சிஏஏ என்ற இரண்டு தேசியக் கல்லூரிப் போட்டிகளின் பட்டங்களையும் ஒரே பருவத்தில் வென்ற அணி அது. அடுத்த பருவத்தில் மிசூரி, அரிசோனா, பாஸ்டன் காலேஜ் ஆட்டங்களில் அதன் வீரர்கள் சிலர் புள்ளியைக் குறைக்கப் போனார்கள். மூன்றிலும் அணி தோற்றே போனது. வேகத்தைக் குறைத்தவனால் வேண்டிய நேரத்தில் கூட்ட முடிவதில்லை. எதிரணி சூடு பிடித்துவிடும், பயிற்சியாளர் அவனை வெளியே உட்கார வைப்பார். அதனால்தான் அந்தக் காலத்தில் ஒருவனை மட்டும் வாங்கினால் போதாது, ஐந்தில் இரண்டு மூன்று பேராவது தேவைப்பட்டார்கள்.

மைதானத்தில் இதைக் கண்டுபிடிப்பது கடினம். கூடைக்குப் போடுவதைத் தவறவிட்டால் எல்லோர் கண்ணிலும் படும். தடுப்பாட்டத்தில் அரை அடி பிந்தினால் யாருக்கும் தெரியாது. பாஸை ஒரு நொடி தாமதிப்பது, கூடையில் பட்டுத் திரும்பும் பந்துக்கு (ரீபவுண்ட்) எம்பாமல் நிற்பது, எல்லாமே களைப்பு போலத்தான் இருக்கும். பந்தயப் பணம் மட்டும் பொய் சொல்லாது. 1994-ல் அரிசோனா ஸ்டேட் வீரர்கள் விலைபோனபோது, லாஸ் வேகாஸில் ஒரே பக்கம் பணம் குவிந்து ஸ்ப்ரெட் சரிந்ததுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. அங்கே முக்கிய வீரர் சிக்கியது புக்கியாக இருந்த ஒரு மாணவரிடம் பட்ட பந்தயக் கடனால். பேராசையைவிடக் கடன்தான் அதிகம் இழுக்கிறது.

படம் கோட்டைவிட்டதும் உண்டு. அதில் ஆபத்து மினுமினுக்கும் வெளியாள் ஒருவனாக வருகிறது. நிஜத்தில் அது தெரிந்த முகத்தோடு வரும். நியூயார்க் கல்லூரி வீரர்களை விலைக்கு வாங்கிய நகை வியாபாரி சால்வடோர் சொலாசோ அவர்களை எட்டியது எடி கார்ட் என்ற முன்னாள் லாங் ஐலண்ட் பல்கலைக்கழக வீரர் வழியாக. 1951 ஜனவரியில் மன்ஹாட்டன் காலேஜ் வீரர் ஜூனியஸ் கெல்லாக்கிடம் 1,000 டாலர் பேசியவர், முந்தைய பருவத்தில் அதே அணியின் இணைத்தலைவர். கேட்ஸ்கில் மலை ஹோட்டல்களில் கோடை வேலைக்குப் போன வீரர்கள் மாலையில் அங்கேயே ஆடுவார்கள், விருந்தினர்கள் மொத்தப் புள்ளிமேல் காசு போடுவார்கள். பழக்கமெல்லாம் அங்கே தொடங்கியதுதான். ஆகவே “அந்நியரிடம் ஜாக்கிரதை” என்ற பாடம் பாதிப் பாடம். பழைய சக வீரர், அறைத்தோழர், “உன் கணுக்கால் எப்படி இருக்கு?” என்று சும்மா விசாரிப்பவர், இவர்களைத்தான் வகுப்பில் பேச வேண்டும். காயச் செய்தியும் விலைபோகும் சரக்கு. பந்தயம் கட்டுபவருக்கு அதைத் தருவதையும் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதி தடுக்கிறது.

2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்க மாநிலங்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட பிறகு நிலைமை இன்னும் மோசம். இப்போது பல இடங்களில் தனி வீரரின் புள்ளிமேலேயே பந்தயம் கட்டலாம். ஒரே ஆள் போதும். 2024-ல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ ஆயுள் தடை விதித்த வீரர் ஜான்டே போர்ட்டர் விவகாரத்தில், உடம்பு சரியில்லை என்று ஆட்டத்தின் பாதியில் வெளியேறியதே சூதாட்டக்காரர்களுக்குப் பணமானது.

யாராவது அணுகினால்: மறுத்துவிட்டுச் சும்மா இருப்பது போதாது. வந்த செய்தியை அழிக்காமல், நேரத்தையும் சொன்ன வார்த்தையையும் எழுதி வைத்து, அன்றே பயிற்சியாளரிடமோ கல்லூரியின் விதி அமலாக்க அதிகாரியிடமோ சொல்ல வேண்டும். கெல்லாக் தன் பயிற்சியாளர் கென் நார்ட்டனிடம் சொன்னார். விஷயம் போலீசுக்குப் போனது. ஒத்துக்கொண்டவர்போல் அவர் மறுபடி பேசியது அதற்குப் பிறகு, போலீஸ் ஏற்பாட்டில். மாணவர் தானாகத் துப்பறியக் கிளம்பினால், பின்னால் விசாரணையில் அவரையும் பேரம் பேசியவராகவே பார்ப்பார்கள்.