அமெரிக்கக் குடியேற்ற நீதிபதி யாருக்குக் கட்டுப்பட்டவர்?

அமெரிக்காவில் ஒருவரை நாடு கடத்தலாமா என்று முடிவு செய்யும் குடியேற்ற நீதிபதி, வாழ்நாள் பதவி பெற்ற ஃபெடரல் நீதிபதிகளைப் போன்றவர் அல்லர். நீதித் துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரலால் நியமிக்கப்பட்டு, அந்தத் துறைக்குள் 1983இல் உருவாக்கப்பட்ட ஓர் அலுவலகத்தில் பணியாற்றும் அரசு ஊழியர் அவர். சட்டம் மாறாமலே தீர்ப்புகளின் போக்கு மாறுவதற்கு இந்த அமைப்பே முதன்மையான காரணம்.

உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அனுப்பும் அழைப்பாணையுடன் வழக்கு தொடங்குகிறது. எதிரில் நிற்பவர் வெளிநாட்டவர் என்பதை அரசு நிறுவ வேண்டும். அதன் பிறகு, நாட்டில் தங்கத் தமக்குத் தகுதி உண்டு என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு பெரும்பாலும் அவருடையதாகிவிடுகிறது. சொந்தச் செலவில் வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளலாம். குற்ற வழக்குகளில் கிடைப்பதுபோல் அரசு செலவில் ஒருவரைப் பெறும் பொது உரிமை இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் குழந்தைகளும் நிற்க நேர்கிறது என்பதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

அடைக்கலம் கேட்பவர், இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல் ஆகிய ஐந்தில் ஒன்றன் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற அச்சத்துக்கு அடிப்படை காட்ட வேண்டும். பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலும் அந்த அச்சம் நியாயமானதாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1987இல் விளக்கியது. ஆனால் ‘குறிப்பிட்ட சமூகக் குழு’ எது என்பதைச் சட்டம் வரையறுக்கவில்லை. அரசின் கொள்கை நுழையும் வாசல் அதுதான். கணவனின் வன்முறையிலிருந்து விலக முடியாத குவாத்தமாலா நாட்டு மணமான பெண்களை அத்தகைய குழுவாகக் கருதலாம் என்று, குடியேற்ற நீதிபதிகளின் தீர்ப்புகளை மறுஆய்வு செய்யும் அதே துறையின் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 2014இல் ஏற்றது. வாரியத்தின் வழக்குகளைத் தாமே எடுத்து முடிவு செய்யும் அதிகாரத்தைக் கொண்டு, அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் 2018இல் அந்த முன்னுதாரணத்தை நீக்கினார். பின்னர் அட்டர்னி ஜெனரலாக இருந்த மெரிக் கார்லண்ட் 2021இல் செஷன்ஸின் முடிவை ரத்து செய்தார். அடுத்து அந்தப் பதவிக்கு வந்த பாம் பாண்டி 2025இல் செஷன்ஸின் முடிவுக்கு மீண்டும் உயிர் கொடுத்தார். ஆகவே, ஒரே துயரத்தைச் சொல்லும் இரு பெண்களுக்கு, விசாரணை நடந்த ஆண்டைப் பொறுத்து இருவேறு முடிவுகள் கிடைக்கலாம்.

ஆண்டுக்கு 700 வழக்குகளை முடிக்க வேண்டும் என்று 2018இல் நீதிபதிகளுக்கு விதிக்கப்பட்ட இலக்கு 2021இல் கைவிடப்பட்டது. அவகாசம் கேட்பவருக்கு அதைத் தருவதா என்ற முடிவைக்கூட இத்தகைய அழுத்தம் பாதிக்கும்.

இவ்வளவுக்கு நடுவிலும் சாட்சியைக் கேட்டு, அவர் சொல்வது நம்பத்தக்கதா என்று முடிவு செய்பவர் நீதிபதிதான். ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சட்ட விளக்கத்தைத் தாமே ஆராயலாம். 2024இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், அரசுத் துறையின் விளக்கத்தை அவை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. நீதிபதி கண்டறிந்த உண்மைகளில் அவை எளிதில் கைவைப்பதில்லை. அதனால் முதல் விசாரணையில் பதிவாகாத சான்று, பின்னர் எந்த மேல்முறையீட்டிலும் பெரும்பாலும் இடம்பெறாமல் போகிறது.