பட்டாணிப் பருப்பு சூப்: குக்கர் மூடியைத் திறக்கும் முன்

ஜூன் பிறந்தால் தென்னாப்பிரிக்காவில் குளிர்காலம்; இங்கே டர்பன் கடைகளில் சூப் மிக்ஸ் பாக்கெட்டுகள் முன்வரிசைக்கு வந்துவிடும். பட்டாணிப் பருப்பு, பார்லி, மைசூர்ப் பருப்பு எல்லாம் கலந்தது. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம் வீடுகளில் அதோடு ஆட்டெலும்போ கேரட்டோ போட்டு வேகவைத்து, சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் ராத்திரிச் சாப்பாடு ஆயிற்று. நான் தீக்காயப் பிரிவில் செவிலியர். இந்தக் குளிர்காலத்தில்தான், கொதிக்கும் சூப் முகத்திலும் நெஞ்சிலும் தெறித்து எங்களிடம் வருகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்களில் பலர் சொல்வது ஒன்றே: "விசில் நின்னுடுச்சு சிஸ்டர், அதான் திறந்தேன்."

விசில் நின்றால் அழுத்தம் இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆவிக்குழாய் அடைத்துக்கொண்டாலும் விசில் நிற்கும். பட்டாணிப் பருப்பு அப்படி அடைக்கக்கூடிய பருப்பு. தோல் நீக்கி உடைத்தது என்பதால் சீக்கிரம் கரையும். கரையும்போது நுரை பொங்கும். அந்த நுரை பருப்புத் துணுக்குகளையும் தூக்கிக்கொண்டு மூடிவரை ஏறுகிறது. காயம்பட்ட ஒரு அக்காவின் மகன் குக்கர் மூடியைக் கொண்டுவந்து காட்டினார். ஆவிக்குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் பொட்டு வெளிச்சம் தெரியவில்லை. உள்ளே பருப்பு மஞ்சளாய்க் காய்ந்து சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது.

குக்கருக்குள் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு அழுத்தம், கிட்டத்தட்ட 121 டிகிரி சூடு. அந்த நிலையில் மூடி விலகினால் சூப் முழுவதும் ஒரே நொடியில் பொங்கி வெளியே வரும். வெந்நீர் பட்டால் வழிந்து ஓடிவிடும். இந்தக் கெட்டி சூப் தோலிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். அதனால் காயம் ஆழமாகிறது.

குக்கரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் இருப்பவர்களுக்கு அது இல்லாமல் முடியாது. ஜோகன்னஸ்பர்க் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, திறந்த பானையில் பருப்பு வேக வெகுநேரம் ஆகும். முறையாகச் செய்தால் போதும்.

ஒரு கப் பருப்பைக் கழுவி, நான்கு கப் தண்ணீர் விட்டு, மூடாமல் கொதிக்க விடுங்கள். மேலே வரும் வெள்ளை நுரையைக் கரண்டியால் எடுத்துவிட்டு ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள், நுரை அடங்கும். காய்கறி, எலும்பு எல்லாம் சேர்த்தும் குக்கர் பாதிக்கு மேல் நிரம்பக்கூடாது. இதில் சமரசமே வேண்டாம். பத்துப் பேருக்கு வேண்டுமா, இரண்டு தடவை வையுங்கள். மூடுவதற்கு முன் ஆவிக்குழாயை வெளிச்சத்தில் பாருங்கள். அழுத்தம் ஏறியதும் தீயைக் குறைத்து, பருப்புக்கு மட்டுமென்றால் பத்து நிமிடம் போதும். எலும்பைத் தனியாக முன்னாலேயே வேகவைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்ற வேண்டாம், நுரையும் சேர்ந்து பீறிடும். வெகுநேரம் கழித்தும் மூடி இறுக்கமாக இருந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. கத்தியால் நெம்புவது, பையனைக் கூப்பிட்டு இழுக்கச் சொல்வது இரண்டும் கூடாது. மிச்ச சூப் மறுநாள் களியாகிவிடும்; வெந்நீர் ஊற்றிச் சாதாரணப் பாத்திரத்தில் சூடாக்குங்கள். சேஃப்டி வால்வு போய்விட்டால் அதே கம்பெனி வால்வைத்தான் போட வேண்டும். ஓட்டையை ஈயம் வைத்து அடைத்துத் தருகிறவரிடம் குக்கரைக் கொடுக்காதீர்கள்.

மீறிப் பட்டுவிட்டால், சூப் ஊறிய துணியை உடனே கழற்றுங்கள். தோலோடு ஒட்டியிருந்தால் மட்டும் இழுக்காதீர்கள். வளையல், மோதிரம், தாலிச்சங்கிலி எல்லாவற்றையும் வீக்கம் வருவதற்குள் எடுத்துவிட வேண்டும். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், டூத்பேஸ்ட், மஞ்சள், வெண்ணெய் எதுவும் வேண்டாம். இவற்றைச் சுரண்டி எடுக்கும்போது நோயாளி படும் வேதனையைப் பார்த்தவள் என்பதால் கெஞ்சிக் கேட்கிறேன். முகம், கை, கழுத்தில் பட்டாலோ, குழந்தைக்குப் பட்டாலோ, காயம் அவர்கள் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ சுத்தமான கிளிங் ஃபிலிமை (சாப்பாட்டை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) மேலே லேசாகப் போர்த்தி, ஆம்புலன்ஸுக்கு 10177 அல்லது செல்போனில் 112 அழையுங்கள்.