நல்லபாம்பு விஷமும் ரேபிஸ் வைரஸும் கைவைக்கும் ஒரே இடம்

நல்லபாம்பு கடித்தால் முதலில் கண் இமை சொருகும், அப்புறம் நாக்கு குழறும், கடைசியில் மூச்சு வாங்க முடியாது. திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி பக்கம் வயலில் இறங்குகிற யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெருநாய்க்கடியில் வருகிற ரேபிஸ் வைரஸும் அந்த விஷம் பிடிக்கிற அதே இடத்தில்தான், நரம்புச் செய்தியை வாங்கும் ஒரு கதவில்தான், கைவைக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

நரம்பணு (நரம்பு செல்) சும்மா இருக்கும்போது அதன் உட்புற மின்னழுத்தம் வெளியைவிட சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். பல நரம்பணுக்களின் சவ்வில் நிக்கோட்டினிக் ஏற்பி என்று ஒரு கதவு உண்டு. நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டினால் அது திறந்து, சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்து, மின்னழுத்தம் ஏறி, ஒரு அளவைத் தாண்டியதும் மின்துடிப்பு கிளம்பும். தசையிலும் இந்தக் கதவு இருக்கிறது. நல்லபாம்பு நச்சு அதை அடைத்துவிடுவதால்தான் இமையைக்கூடத் தூக்க முடிவதில்லை.

சரி, ரேபிஸுக்கு வருவோம். இந்த வைரஸிடம் இருப்பது மொத்தமே 5 புரதங்கள். அதில் வெளியே முள் போல நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகோபுரதத்தின் (சர்க்கரை ஒட்டிய புரதம்) ஒரு துண்டு பாம்பு நச்சின் சாயலில் இருப்பதை 1984-லேயே கவனித்துவிட்டார்கள். 2017-ல் அலாஸ்கா ஆய்வாளர்கள் வைரஸே இல்லாமல் அந்தத் துண்டை மட்டும் எலிகளின் மூளையில் செலுத்தினார்கள். எலிகள் வழக்கத்தைவிட அதிகமாக ஓடித் திரிந்தன!

அந்தத் துண்டும் அதே கதவைத்தான் அடைக்கிறது. அடைத்தால் அடங்கத்தானே வேண்டும், ரேபிஸில் எப்படி வெறி வரும்? மூளையில் இந்த ஏற்பி, மற்ற நரம்பணுக்களை அடக்கிவைக்கும் நரம்பணுக்களிலும் இருக்கிறது. அவற்றைத் தூண்டுவது நின்றால் அடக்குகிற பிடி தளர்ந்துவிடும். வெறிக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். என்னை உலுக்குவது வேறு: ரேபிஸில் இறந்தவர்களின் மூளையில் பெரும்பாலும் நரம்பணுக்கள் அவ்வளவாகச் செத்திருப்பதில்லை, பார்வைக்கு முழுசாகவே இருக்கின்றன. கெட்டுப்போவது அவற்றின் வேலை.

அதனால் நாய் கடித்தால் கடிவாயில் சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் வைப்பதைத் தயவுசெய்து விடுங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், ஏனென்றால் அந்த முள் ஊன்றியிருப்பது கொழுப்பு உறையில், சோப்பு அதைக் கரைத்துவிடும். தடுப்பூசி உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்கள் பிடிப்பதும் இதே முள்ளைத்தான். வைரஸ் நரம்புக்குள் நுழைந்து மூளையை நோக்கி ஏறத் தொடங்கிவிட்டால் அவை எட்டிப் பிடிப்பது கடினம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், ஊசி அங்கே இலவசம்.