பிரெஞ்சு பாலிஷ்: அரக்கு மெருகு

மரச்சாமான்களின் மேல் கையாலேயே கண்ணாடி போன்ற வழவழப்பை உண்டாக்கும் முறையைப் ‘பிரெஞ்சு பாலிஷ்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இப்பெயரின் முதற்சொல் முறை வந்த நாட்டைக் காட்டுகிறதே தவிர, பூசப்படும் பொருளைக் காட்டவில்லை. இரண்டாவது சொல்லோ வேலையின் தன்மையையே மாற்றிக் காட்டுகிறது.

‘பாலிஷ்’ என்பது ‘போலீரே’ என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. தேய்த்து வழவழப்பாக்குதல் என்பது அதன் பொருள். பித்தளையையோ கல்லையோ தேய்க்கும்போது மேற்பரப்பு சிறிது சிறிதாகக் குறைகிறது. இங்கே நடப்பது அதற்கு நேர்மாறானது. மரத்தின் மேல் மெல்லிய படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. பிரெஞ்சுக்காரர்களே இதை ‘வெர்னி ஓ தாம்போன்’, அதாவது பொதியால் இடும் வார்னிஷ் என்றுதான் அழைக்கிறார்கள். அந்த ‘வெர்னி’யே ஆங்கிலத்தில் ‘வார்னிஷ்’ ஆயிற்று. அதன் மூலம் நறுமணப் பிசினைக் குறித்த ‘வெர்னிக்ஸ்’ என்னும் இடைக்கால இலத்தீன் சொல். ஐரோப்பாவில் இம்முறை 19ஆம் நூற்றாண்டில் பரவலாயிற்று.

பூசப்படும் பொருள் அரக்கு. மரக்கிளைகளில் ஒட்டி வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினைத் தூய்மையாக்கிச் செதில்களாக்கினால் அவலரக்கு கிடைக்கிறது. அதை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சை நூல் பிரியாத பருத்தித் துணியில் பொதிந்த சிறு பொதியில் ஊற்றி, வட்டமாகவும் எட்டு வடிவிலும் மரத்தின் மேல் ஓட்டுவார்கள். பொதி ஒட்டாதிருக்க அதன் அடியில் ஒரு சொட்டு எண்ணெய் தடவுவதுண்டு. கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்; ஒரு நொடி நின்றாலும் புதிய ஸ்பிரிட் முந்தைய படலத்தைக் கரைத்துவிட, பொதி அங்கேயே ஒட்டித் துணியின் நெசவு பதிந்துவிடும். ஆனால் அந்தக் கரையும் குணம்தான் இம்முறையின் உயிர்: புதிய படலம் பழையதோடு இளகிக் கலப்பதால், பல முறை ஏற்றியும் அது ஒரே படலமாகவே மரத்தின் வரிகளைத் தெளிவாகக் காட்டுகிறது. ஈரமான குவளை வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழக்கூடும் என்பது இதன் குறை.

வார்னிஷுக்கு அகராதிகள் தரும் ‘மெருகெண்ணெய்’, எண்ணெயில் காய்ச்சிய வகைக்கு நன்றாகவே பொருந்தும். இங்கோ எண்ணெய் கை வழுக்குவதற்காகச் சேர்வதே; கடைசியில் ஸ்பிரிட் தோய்ந்த பொதியால் அதைத் துடைத்தெடுத்துவிடுகிறார்கள். எனவே பொருளையும் பயனையும் சேர்த்துச் சொல்லும் ‘அரக்கு மெருகு’ என்பதையே சரியான பெயராகக் கொள்கிறேன். வினைக்குத் தமிழில் புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. ‘மெருகேற்றுதல்’ என்பதில் உள்ள ‘ஏற்றுதல்’, படலம் மேல் படலமாக வளரும் இவ்வேலையை ‘பாலிஷ்’ என்பதைவிடத் துல்லியமாகச் சொல்லிவிடுகிறது. பொதியை ‘மெருகுப் பொதி’ எனலாம்.