ஒரு விண்மீன் நெருங்கி வருகிறது, வால்மீன்கள் நம் மேல் விழுமா?

2024 அக்டோபரில் துசின்ஷான்-அட்லஸ் வால்மீன் மாலையில் தெரிந்தபோது, தொலைநோக்கியோடு மொட்டைமாடியில் நின்றிருந்தோம். பார்த்து முடித்த ஓர் அம்மா கேட்டார்: “கிளீஸ் 710னு ஒரு நட்சத்திரம் வந்து வால்மீனையெல்லாம் நம்ம பக்கம் தள்ளிவிடப் போகுதாமே, சார்?” வானியல் வகுப்பெடுக்கும் எனக்கு இது அடிக்கடி வரும் கேள்வி. வீடியோக்கள் கிளப்பும் பயம். அந்த விண்மீன் வருவது உண்மைதான், பயம்தான் வேண்டாதது.

ஒரு சுற்றுக்கு மிக நீண்ட காலம் எடுக்கும் வால்மீன்களின் இருப்பிடம், மிகத் தொலைவில் சூரியக் குடும்பத்தைச் சூழ்ந்துள்ள பனிக்கட்டிப் பொருள்களின் கூட்டமான ஊர்ட் மேகம். 1950இல் டச்சு வானியலாளர் யான் ஊர்ட், வெறும் 19 வால்மீன்களின் பாதைகளை வைத்து அதைச் சொன்னார்.

ஒரு கணக்குப் போடுவோம். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் ஒரு வானியல் அலகு. சூரியனை அந்தத் தூரம் வரை நெருங்கி, மறுகோடியில் 50,000 அலகு போய்த் திரும்பும் வால்மீன் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 40 லட்சம் ஆண்டு எடுக்கும். சூரியன் அருகே நொடிக்கு 42 கிலோமீட்டர் பாயும். மறுகோடியில்? நொடிக்கு ஒரு மீட்டர்கூட இல்லை, நம் நடையைவிட மெதுவு! அங்கே ஒரு விண்மீன் லேசாக இழுத்தாலே பாதை மாறிவிடும். அந்த வேகம் இரு மடங்கானால், சூரியனை நெருங்கும் தூரம் சுமார் நான்கு மடங்காகும். குறைந்தால் இன்னும் கிட்டே வரும். விண்மீன் எதுவும் வராத காலத்திலும் பால்வீதியின் ஈர்ப்பு இதே வேலையை ஓயாமல் செய்கிறது. 76 ஆண்டில் திரும்பும் ஹாலி வால்மீனுக்கு இந்தத் தொல்லை கிடையாது; அது நெப்டியூனைச் சற்றுத் தாண்டியதும் திரும்பிவிடுகிறது.

சரி, கிளீஸ் 710? சூரியனில் பாதிக்குச் சற்று மேல் நிறை, இப்போது 62 ஒளியாண்டுத் தொலைவு. விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் அளவீடுகளின்படி, சுமார் 13 லட்சம் ஆண்டு கழித்து சூரியனிலிருந்து 10,000 அலகுக்குச் சற்று அப்பால், ஊர்ட் மேகத்துக்குள்ளேயே கடக்கும். அங்கிருந்து ஒரு வால்மீன் சூரியன் அருகே விழவே ஒன்றே முக்கால் லட்சம் ஆண்டாகும். இன்னும் தொலைவில் இருப்பவை அதற்கும் பிந்தித்தான் வரும். எல்லாம் ஒரே நாளில் மழையாகக் கொட்டாது, பல லட்சம் ஆண்டுகளில் பரவி வரும்.

“இப்போ அது எங்க இருக்கு?” என்றார் அந்த அம்மா. அதுவும் மேற்கு வானில்தான் இருந்தது. தொலைநோக்கியைத் திருப்பிக் காட்டினேன். வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு மங்கல் புள்ளி. வெகுநேரம் பார்த்துவிட்டு, அப்புறம் மகளைக் கூப்பிட்டுக் காட்டினார்.