நித்தியம்: விவிலியத்தில் ஒரு சொல்லின் பல முகங்கள்

சென்னைக் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் ‘நித்திய’ என்னும் சொல் ஜீவனோடும் இளைப்பாறுதலோடும் சேர்ந்து கல்லில் நிற்கிறது. பூக்காரர் கூடையிலோ அதுவே நித்தியமல்லியாக, நாள்தோறும் பூப்பது என்ற பொருளில் இருக்கிறது. இவற்றுள் எதுவும் பிழையான வழக்கன்று. வடமொழியிலேயே ‘நித்ய’ என்பதற்கு என்றுமுள்ளது, அன்றாடம் நிகழ்வது என இரு பொருளும் உண்டு. எண்ணாகமம் 28இல் வரும் ‘நித்திய சர்வாங்க தகனபலி’ காலையும் மாலையும் தவறாமல் இடப்படும் பலியே. பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரேயத்தில் அங்குள்ள சொல் ‘தாமீத்’.

முடிவின்மையைச் சுட்ட எபிரேயம் பெரும்பாலும் ஆளும் சொல் ‘ஓலாம்’. கண்ணுக்கு எட்டாத தொலைவிலுள்ள காலம் என்பதே அதன் அடிப்படைப் பொருள். அத்தொலைவு எவ்வளவு என்பது இடத்தைப் பொறுத்தது. யாத்திராகமம் 21இல் காது குத்தப்பட்ட அடிமை ‘என்றைக்கும்’ எஜமானிடம் சேவிப்பான் என்றால், அது அவன் ஆயுள்வரை என்றே பொருள்படும். மீன் வயிற்றில் மூன்று நாள் கிடந்த யோனாவும் பூமியின் தாழ்ப்பாள்கள் தன்னை ‘என்றென்றைக்கும்’ அடைத்ததாகவே சொல்கிறான்.

ஓலாம் முன்னோக்கி மட்டுமன்றிப் பின்னோக்கியும் நீளும். சங்கீதம் 90:2இல் எபிரேயம் அச்சொல்லையே இருமுறை சொல்லி ‘ஓலாமிலிருந்து ஓலாம்வரை’ என்கிறது. தமிழோ ‘அநாதியாய் என்றென்றைக்கும்’ என்று, தொடக்கமின்மைக்கு ஒரு சொல்லும் முடிவின்மைக்கு இன்னொரு சொல்லுமாகப் பிரித்துத் தந்தது. மூலத்தில் இல்லாத நுட்பம் இது, ஆனால் பொருளுக்குப் பொருத்தமானது. பிரசங்கி 3:11இல் நேர்ந்தது வேறு. பிற்கால எபிரேயத்தில் ஓலாமுக்கு உலகம் என்ற பொருளும் ஏறிவிட்டதால், பழைய தமிழ்த் திருப்புதல், அதாவது மொழிபெயர்ப்பு, ‘உலகத்தையும் அவர்கள் உள்ளத்திலே வைத்திருக்கிறார்’ என்கிறது. இலத்தீன் மொழிபெயர்ப்பும் அங்கே உலகம் என்றே கொண்டது. மனிதன் உள்ளத்தில் வைக்கப்பட்டது காலத்தின் நீட்சி என்று கொண்டால்தான், அவ்வசனத்தின் முற்பகுதி ‘அதினதின் காலத்திலே’ என்று பேசுவதோடு இது பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் ஓலாமுக்கு ஈடாக வருவது ‘அயோன்’. முதலில் உயிர், வாழ்நாள் என்று பொருள்பட்டு, பின்னர் யுகம் என்று விரிந்த சொல் அது. நாம் வடமொழியிலிருந்து பெற்ற ‘ஆயுள்’ அதற்குத் தூரத்து உறவு. இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. வெளிப்படுத்தின விசேஷத்தில் ‘சதாகாலங்களிலும்’ என்று நாம் வாசிப்பது, கிரேக்கத்தில் ‘அயோன்களின் அயோன்களுக்கும்’ என்று அடுக்கி வருகிறது.

இனித் தமிழ்ச் சொல். புறநானூற்றின் 165ஆம் பாட்டு ‘மன்னா உலகத்து மன்னுதல் குறித்தோர்’ என்று தொடங்குகிறது. மன்னுதல், நிலைத்தல், நிலைபேறு ஆகியவை நம் மொழியில் என்றுமுண்மையைக் குறிக்கும் பழஞ்சொற்கள். நித்தியஜீவன் என்றிருந்ததை 1995இல் வெளியான ‘திருவிவிலியம்’ என்னும் புதிய மொழிபெயர்ப்பு ‘நிலைவாழ்வு’ என்றாக்கியது இந்த மரபில்தான். யோவான் 17:3 அவ்வாழ்வைக் காலக் கணக்கால் விளக்காமல், மெய்க்கடவுளை அறிதலே அது என்று வரையறுப்பதால், நீளத்தைவிட நிலையை முன்னிறுத்தும் இச்சொல் அங்கே நன்கு அமைகிறது.

ஆயினும் மாற்கு 10:30இல் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. கிரேக்கத்தில் ‘வரும் அயோனில் அயோனுக்குரிய வாழ்வு’ என்று ஒரே வேர் இருமுறை ஒலிக்கிறது. ‘மறுமையிலே நித்தியஜீவனை’ என்னும் பழைய திருப்புதலில் அவ்வொலி இல்லை. அதற்கு மாறாக, இம்மை மறுமை என்னும் நம் இணைச்சொற்கள் அங்கே பொருளைத் தாங்குகின்றன. அயோனுக்கு நேரான தமிழ் ‘ஊழி’ என்பதால் ‘வரும் ஊழியில் ஊழிவாழ்வு’ என்று எழுதிப் பார்க்கலாம். ஆனால் ஊழித்தீ, ஊழிவெள்ளம் என்று அழிவோடு பழகிய காதுக்கு அது வாழ்வாகக் கேட்காது.